ஐந்தாவது மாடி வரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், சுவரில் நான்கு விரிசலோடு வீடும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஒட்டுக் கேட்பார், அதனால்தான் கடிதம்.

நிலநடுக்கம் முடிந்து நான்கு மாதம் கழித்து, எங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று சுகாதார அலுவலகத்துக்கு இப்போதுதான் ஞாபகம் வந்து, போன வாரம் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மார்க், மொத்தம் அதிகமானால் டாக்டரிடம் அனுப்புவார்களாம். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் வாங்கிப் பழகியதையே இங்கும் வாங்கினார். கெட்ட கனவு வருகிறதா என்றாள், இல்லை என்றார். தூங்கினால்தானே கனவு வரும், மனுஷன் விடிய விடியச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பூஜ்யம். நடந்ததை நினைவுபடுத்தும் இடங்களுக்குப் போகாமல் இருக்கிறீர்களா என்றாள். "நானா? முப்பது வருஷமா லிஃப்ட் மெக்கானிக்கும்மா, லிஃப்டுதான் எனக்குச் சோறு போடுது" என்று மார்தட்டினார். அன்றைக்கு ஆறு மணி நேரம் இருட்டில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர், அதற்கப்புறம் எந்த லிஃப்டிலும் கால் வைக்கவில்லை, வேலைக்குப் போகிற கட்டடமெல்லாம் முட்டிவலியோடு படியேறுகிறார், கேட்டால் உடற்பயிற்சியாம். அதற்கும் பூஜ்யம். படித்த பெண், முட்டியில் சுற்றியிருக்கும் கட்டு கூடவா கண்ணில் படாது?

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் கேட்டால் திடுக்கிடுவீர்களா என்று அவள் கேட்ட நேரம் பார்த்து, சமையலறையில் பெரிய தட்டைக் கீழே போட்டேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் பாய்ந்து போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் ரத்தமில்லை. செய்திருக்கக் கூடாது, பாவம், உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அப்புறம்தான் அந்த மகராசி என்னையும் விசாரித்துச் சில பூஜ்யங்களை அடித்துத் திருத்தினாள். கடைசியாக, மற்றவர்களிடமிருந்து தூரமாகிவிட்டது போல இருக்கிறதா என்றாள். அவள் கேட்டது மனசின் தூரம். இவருக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது, "தூரம்தாம்மா. என் பொண்ணைப் பாக்க ரெண்டு பிளேன் மாறணும், இன்னும் என்ன தூரம் வேணும்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவள் நான்கு போட்டாள், அதில்தான் தேறினார். உன்னால்தான் டாக்டரைப் பார்க்கச் சீட்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்.

அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் தெரியுமா, ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில். எந்தப் புண்ணியவான் யோசனையோ. "முட்டி வலிக்குது, அஞ்சு மாடி என்னால ஏற முடியாது" என்கிறார் உன் அப்பா, தினமும் ஏறாத மாடியா? பயமா என்று கேட்டால் எகிறுகிறார். இப்படியே தூக்கமில்லாமல் போனால் ஆளையே இழந்துவிடுவோம், அவரைவிட நான்தான் பயந்து கிடக்கிறேன்.

நான் சொன்னால் காதில் ஏறாது. டாக்டர் வரச் சொல்லியிருப்பது அடுத்த மாதம் இருபதாம் தேதி. அன்றைக்கு இங்கே காலை பத்து மணிக்கு, உனக்கு அது எந்த நேரமானாலும் அவருக்குப் போன் செய். டாக்டர் பேச்சை எடுக்காதே. உங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது, என்ன கோளாறு என்று கேள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை ஏதாவது சொல்லிக் கூட்டிவந்துவிடுவேன், படியில் கையைப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஐந்தாவது மாடி வரும் வரை போனை வைத்துவிடாதே.

உன் அம்மா