‘போட்டாச்சு’ பொத்தானை ஏன் யாரும் அமுக்குவதில்லை

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பிரேம்குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம், உன் செயலியைக் கேட்டால்தான் வேறு மாதிரிச் சொல்லும். டப்ளின் மழையில் நனையாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நீ அனுப்பிய செய்தியை இரண்டு தடவை படித்தேன். உன் குரலில் பேசி மாத்திரையை நினைவுபடுத்தும் உன் செயலியை நம் தெருவில் பலருடைய போனில் ஏற்றிவைத்தும் ஒருவரும் ‘போட்டாச்சு’ பொத்தானை நேரத்துக்கு அமுக்குவதில்லை, இப்படியே போனால் புதன்கிழமைக் கூட்டத்தில் அலுவலகம் இதை மூடிவிடும், அதனால் உன் குரலை எடுத்துவிட்டுப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் குரலை வைக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். நான் காலமெல்லாம் பேண்டேஜ் துணி விற்றவன். துணி எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டிருக்கிறேனே தவிர, காயம்பட்டவனை ஒருநாளும் கேட்டதில்லை. உனக்காக இந்த முறை கேட்டேன்.

முதலில் உன் அம்மா. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காட்டினோம். ரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார் என்று பாராட்டினார். வரும் வழியில் பால்கோவா வாங்கியதைப் பதிவுசெய்ய உன் செயலியில் இடமில்லை, அது அதன் சிறப்புகளில் ஒன்று. பிறகு ஏன் பொத்தானை அமுக்குவதில்லை என்று கேட்டதற்கு, “அமுக்குனா பேச்சு நின்னு போகுதுல்லா, செத்த நேரம் கேக்கட்டுமே” என்றாள். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனை அடுப்படியில் வைத்துக்கொள்கிறாள். நீ விடாமல், “எம்மா, மாத்திரை போட்டியா? சும்மா சொல்லக்கூடாது” என்கிறாய். “போட்டேன்யா” என்று அவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். நீ இந்த வீட்டில் இருந்த காலத்தில் உங்களுக்குள் இவ்வளவு நல்ல பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

எதிர்வீட்டு வெள்ளத்தாய் அத்தையும் அப்படித்தான். “எம் பய போன் பண்ணுனா வீட்டுத் தீர்வை கட்டியாச்சான்னுதான் கேக்கான், உங்க மவன் எம்புட்டு அக்கறையா கேக்கான்” என்கிறார். ஓய்வுபெற்ற ஏட்டு பெலிக்ஸ் மாமாவிடம், “உன்னையும் அவன் ‘எம்மா’ன்னுதானே கூப்பிடுதான், கூச்சமா இல்லையா” என்றேன். “ஏலே, கேக்கதுக்கு ஒரு ஆளு இருக்கேன்னு பாப்பனா, எம்மாவா எய்யாவான்னு பாப்பனா” என்றார்.

ஆகவே உன் செயலி தோற்கவில்லை. அளவுக்கு மீறிப் பிடித்துப்போயிருக்கிறது, அதை அளக்கும் பொத்தான்தான் தோற்றது. கூட்டத்தில் இதைச் சொல். நீ அனுப்பிய அந்தப் பெண்ணின் குரலைப் போட்டுக் காட்டினேன். உன் அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “யாரு இவ, எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க வந்தவ” என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். குரலை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தந்த வீட்டுப் பிள்ளையின் குரலைப் பதிய வழிபண்ணு. பொத்தானை அமுக்கினால் வாயை மூடிக்கொள்ளாமல் இன்னும் நாலு வார்த்தை பேசும்படி செய், தெருவே நேரத்துக்கு அமுக்கும்.

ஆண்டவர் உனக்குத் தைரியமும் கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் பொறுமையும் அருள்வாராக. வேளைக்குச் சாப்பிடு.

ஒன்றை மறந்துவிடாதே. நேற்று முதல் உன் செயலியின் கணக்கில் நம் தெருவிலிருந்து புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பார். அவருக்கு நோய் எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை. தவறான பதிவு என்று நீக்கிவிட வேண்டாம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
சௌந்தரபாண்டியன்