என் பெயரில் ஒரு சென்ட்

ஷார்ஜா
2.10.2024

அன்பு மனைவி கமருக்கு அக்மல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். கூரியர் வந்தால் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று காகிதத்தை எடுத்தேன்.

நல்ல செய்தி ஒன்று. கடையில் இதுவரை பிறர் சொன்னதையே கலக்கிவந்த நான், முதன்முதலாக என் யோசனையில் ஒரு சென்ட் கலக்கினேன். ஆணும் பூசலாம், பெண்ணும் பூசலாம். முதலாளி மோந்துவிட்டு, இது யாரோ ஓர் ஆள் போல இருக்கிறது, அதிகம் பேசாத, ஆனால் யாருக்கும் பணியாத ஆள் என்றார். என் சம்சாரம்தான் என்றேன். உன் பெயரையே வைத்துவிட்டார்.

உனக்கு ஒரு பாட்டில் இதில் இருக்கிறது. அம்மாவுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதினொன்றாம் தேதி ஜமாத்தில் உன் குலா மனுவை எடுக்கிறார்களாம். கல்யாணத்தை முறிக்கக் கேட்டவள் என்ற பேர் உனக்கு எதற்கு? வாபஸ் வாங்கு. உன்னை இங்கே கூப்பிட விசாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்மல்

பேகம்பூர், திண்டுக்கல்
12.10.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம். நானும் என் அம்மாவும் சுகம்.

பாட்டில் வந்தது. நான் திறக்கவில்லை. மாமி தனக்கு வந்ததைத் திறந்துவிட்டார். தாராளமாகப் பூசிக்கொண்டு ஜமாத்துக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜமாத் தலைவர், முத்தவல்லி அக்பர் அலி மூக்கைச் சுளித்தார். என் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோல் அலசியவர் என்பது ஊருக்கே தெரியுமே.

"தோல் நாத்தம் அடிக்குதும்மா. கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் என்னைப் பார்த்து.

மாமி விடுவாரா? "நல்லாச் சொல்லுங்க. கல்யாணத்தன்னைக்கே எம் மகன் மூக்கைப் பொத்திக்கிட்டு இவளைக் குளிச்சிட்டு வரச் சொன்னான். இந்த நாத்தத்தோட எம்புட்டு நாளைக்கு அவன் குடும்பம் நடத்துவான்?"

நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். நாற்றம் என்னோடு வரவில்லை. முத்தவல்லி என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"என்ன சென்ட்டு போட்டிருக்கீங்க?"

"எம் மகன் கலக்குனது" என்று பெருமையாகச் சொல்லும்போதே மாமிக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைக்கத் துடைக்க இன்னும் தூக்கலாக அடித்தது. திறக்காத என் பாட்டிலை மேஜையில் வைத்து, அதில் போட்டிருந்த பெயரை முத்தவல்லியைப் படிக்கச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன் மச்சான். உங்களைக் கட்டிய நாள் முதல் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அடுத்த வெள்ளிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

கமர்ஜஹான்

ஷார்ஜா
14.10.2024

கமருக்கு,

அம்மா போனில் ஒரே அழுகை. பெற்றவளை ஊர் நடுவில் அசிங்கப்படுத்திவிட்டாய். அது போகட்டும். நான் கேலிக்குச் செய்ததாக நினைக்கிறாய். முடிவு சொல்லும் முன் பாட்டிலைத் திறந்து ஒரு தடவை மோந்து பார். நான் கேட்பது அது ஒன்றுதான்.

அக்மல்

பேகம்பூர், திண்டுக்கல்
18.10.2024

அக்மல் அவர்களுக்கு,

திறந்தேன். ஈரத்தோல், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், அத்தாவின் பீடி, நான் தலைக்கு வைக்கும் எண்ணெய். எதுவும் பிசகவில்லை. அத்தா மௌத்தான பிறகு முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அழுதுவிட்டேன்.

ஆசையாக மோந்தவரால்தான் இப்படிக் கலக்க முடியும். உங்களுக்கு என் வாசம் பிடித்திருக்கிறது. கல்யாணத்தன்றே பிடித்திருக்கிறது. பிடித்துக்கொண்டே, மாமி பார்க்கிறார் என்று மூக்கைப் பொத்தி என்னைக் குளிக்க அனுப்பியிருக்கிறீர்கள். நிஜமாகவே குமட்டியிருந்தால், பாவம், மனிதருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மன்னித்திருப்பேன். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்திருந்தேன், இந்த பாட்டிலைத் திறக்கும்வரை.

ஜும்ஆ முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் தாள் வரும். இதையாவது மாமியைக் கேட்காமல் நீங்களே போடுங்கள்.

கமர்ஜஹான்