இடது காதில் வைத்த குழாய்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய கார் வந்தது. ஓடும்போது சரியாக ஓடும். சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். ஏதோ ரப்பர் குழாய் விரிசல் விட்டு, கண்ட வழியில் காற்றை உறிஞ்சுகிறது என்று புரிந்தது. இதற்கு வைத்தியம் சுலபம். ஒரு நீளக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையால் எஞ்சினைச் சுற்றித் தேட வேண்டும். விரிசல் உள்ள இடத்தில் 'உஸ்' என்று கேட்கும்.

வழக்கம்போல் இடது காதில் வைத்துத் தேடினேன். சத்தமே இல்லை. "லீக் இல்லப்பா, கார்புரேட்டரைக் கழட்டு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் பெயிண்ட் அடிக்கிறவன் சும்மா இருக்காமல் குழாயை வாங்கிக் கேட்டான்.

"அண்ணே, குக்கர் மாதிரி சீறுது. உங்களுக்குக் கேக்கலயா?"

வலது காதுக்கு மாற்றினேன், கேட்டது. விரிசல் விட்ட ரப்பர் குழாயை மாற்றியதும் வண்டி சாதுவாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நட்டு கழற்றும் மெஷின் இத்தனை வருஷம் அந்தப் பக்கம் அலறியதில் காது கொஞ்சம் அசந்துவிட்டது, அவ்வளவுதான். நீ பயப்படாதே. வலது காது திடமாக இருக்கிறது.

யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம். துவைக்கவும் வேண்டாம்.

பாப்பா போனில் பேசும்போது "கத்தாதடி" என்று அதட்டுகிறாயே, அதை விட்டுவிடு. கத்தட்டும். நீயும் கொஞ்சம் உரக்கப் பேசு.

வேலைக்கு மணி அடித்திருப்பார்கள் போலிருக்கிறது. எல்லோரும் எழுந்து போகிறார்கள்.