சிவம்மாவுக்காக ஒரு ஜெபம்

என் பிரியமுள்ள ரோசி,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். காப்பிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறேன் என்று தெரிந்தால் திட்டுவாய். ஆகவே ஒன்றரை என்று வைத்துக்கொள்.

உன்னிடம் மறைக்க முடியாத ஒன்று உண்டு. நீ போனதிலிருந்து நான் ஜெபிக்கவில்லை. கோவிலுக்குப் போகிறேன், பாட்டுக்கு வாயசைக்கிறேன். கண்ணை மூடினால் வார்த்தை வருவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் கெஞ்சினேனே, அதற்கு மேல் ஆண்டவரிடம் பேச என்ன இருக்கிறது? போதகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்து, கிரிக்கெட் பேசி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, தமிழ் ஆராதனையில் கடைசி பெஞ்சில் ஒருவர் இருந்தார். நெற்றியில் விபூதி. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகும் எழவில்லை. நீ இருந்திருந்தால் பாதிப் பிரசங்கத்திலேயே அவருக்கு நம் வீட்டில் சாப்பாடு நிச்சயமாகியிருக்கும். ஞாயிறுதோறும் யாரையாவது கூட்டி வருவாய், நான் முகம் சுளிப்பேன்.

உண்மையைச் சொல்கிறேன், அவரைத் தாண்டி வாசல்வரை போய்விட்டேன். திரும்பி வந்தது பக்தியால் இல்லை. ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தது.

“எந்த ஊருங்க?”

“ராமாபுரமுங்க, கொள்ளேகால் தாண்டி. இப்படியே தெருவுல நடந்து வந்தேன், உள்ள தமிழ்ல பாடறது கேட்டுச்சு. அதான் உக்காந்துட்டேன். தப்புங்களா?”

“இதுல என்ன தப்பு? ஊட்டா ஆச்சா, சாப்டீங்களா?”

“பசிக்கலீங்க.”

“சோத்தைப் பாத்தா பசிக்கும். வாங்க.”

முந்தின நாள் புளிக்குழம்பும் முட்டைப் பொரியலும்தான் இருந்தன. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பெயர் மாதேஷ், மஞ்சள் விவசாயம். மனைவி சிவம்மாவுக்குக் குடலில் கட்டி, மறுநாள் காலை ஆபரேஷன். சிவம்மாவின் அம்மா அவளோடு இருக்கிறாராம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். நீ இருந்த அதே ஆஸ்பத்திரி. மாடியை நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், மூன்றாவது, உன் மாடியேதான்.

கை கழுவிவிட்டு வந்து தயங்கி நின்றார். “எங்களுக்கு மலை மாதேஸ்வரன்தானுங்க. இருந்தாலும் உங்க சாமிகிட்ட அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

“எனக்கு அதெல்லாம் வராதுங்க. எங்க வீட்டம்மாதான் ஜெபம் பண்ணுவா.”

“அப்ப அவங்களக் கூப்பிடுங்க.”

நீ இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. என்ன நோவு என்று கேட்டார். வயிற்றில் ஆபரேஷன், பிறகு கிருமி தொற்றிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அந்தப் பயத்தோடு அவரை எப்படி அனுப்புவேன்?

கண்ணை மூடினேன். “ஆண்டவரே, இவர் மாதேஷ். சிவம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். பாத்துக்குங்க.” அவ்வளவுதான். ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன்.

மறுநாள் நானும் போனேன். அந்தப் படிக்கட்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினேன். மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, “ஏனு பயா இல்லா, ஒரு பயமும் இல்ல, நல்லா இருக்காங்க” என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள். மாதேஷ் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நான் கீழே இறங்கிக் குழாயடியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ரோசி. பொறாமையில். பதினோரு நாள் கேட்டவனுக்குக் கொடுக்காததை, அரை நிமிடம் கேட்டவனுக்குக் கொடுப்பாரா? இதற்கு உனக்காவது அங்கே பதில் தெரிந்ததா?

இனி அந்தப் பக்கம் போவதில்லை என்றுதான் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று மாதேஷ் போனில் சொன்னார். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊர் தெரியாத அந்த மனிதர் கஞ்சிக்கு எங்கே போவார்? குக்கரை அடுப்பில் வைத்தேன். தூக்குப்பாத்திரத்தோடு பஸ் நிறுத்தத்தில் நின்றவனைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்துச் செல்வி பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், ஒத்தையாளா அலையறீங்களே, நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?”

அன்று சாயங்காலமே முறை போட்டுவிட்டார்கள். சிவம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் அவர்கள் மூவருக்கும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு போனது. சிவம்மாவின் அம்மாவுக்கு உறைப்பு ஆகாது என்பதுகூட எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. நான் தினமும் போனேன். ஒவ்வொரு நாளும் பொறாமை கொஞ்சம் இருந்தது. ஒவ்வொரு நாளும் கஞ்சியும் சூடாகவே போய்ச் சேர்ந்தது.

ஊருக்குக் கிளம்பும் அன்று சிவம்மா சொன்னாள்: “அண்ணா, அறுவடைக்கு எங்க வீட்டுக்கு வரோணும். வந்து பத்து நாளாவது இருக்கோணும்.” தலையாட்டியிருக்கிறேன். அங்கே போனாலும் யாராவது ஜெபிக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது.

இப்போது காலையில் கொஞ்சம் பேசுகிறேன், அவரிடம். பெரும்பாலும் சண்டைதான். உன் விஷயத்தில் அவர் எனக்குப் பதில் சொல்லும்வரை விடமாட்டேன். அதுவரை யார் என்னிடம் வந்து கேட்டாலும், அவர்களுக்காக அதே அவரிடம் கேட்காமலும் இருக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சர்க்கரையை நிஜமாகவே ஒன்றரையாகக் குறைக்கப் பார்க்கும்,
உன் வீட்டுக்காரன்,
சாமுவேல்