மொட்டைக் கழனி

2006 அக்டோபர் 9, திங்கள்

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டுகிறது.

சொல்லாமல் விழுங்கியது: "நாற்று நடுவது பெண்கள். பயிற்சி மட்டும் ஆண்களுக்கா?"

செய்யூரில் ஒற்றை நாற்று நடவுப் பயிற்சி. நாற்காலிகளில் முழுக்க ஆண்கள். நடவுக்கு ஒருநாளும் குனியாத முதுகுகள். அண்ணியும் நானும் பின்னால், டீ எடுத்துக் கொடுக்க. அண்ணனுக்குத் தொப்பி, பிரியாணிப் பொட்டலம். பிரியாணி முடிந்ததும் தூக்கம்.

கேட்டுக்கொண்டு வந்தது அண்ணி மட்டுமே. இளநாற்று, குத்துக்கு ஒன்று, சாண் இடைவெளி.

இரவு:

"ஏங்க, ரோட்டோரக் கயனில இந்தத் தபா அப்டி நட்டுப் பாக்கட்டா?"

"நட்டுக்க. வெளையலன்னா தையில சவுக்கு வெச்சிடுவேன். அப்பால என்னாண்ட வந்து அழக்கூடாது."

சவுக்கு என்றால் நாலைந்து வருடம் வீட்டு நெல் கிடையாது. கடை அரிசி. அண்ணி தலையாட்டினாள்.

அக்டோபர் 27, வெள்ளி

நேற்று நடவு. கூட வந்த பெண்களின் முணுமுணுப்பு: "இதுக்குப் பேரு நடவா? கோயி கூட மேயாது." அண்ணியே முன்னால் இறங்கினாள்.

தண்ணீரில் பச்சை இழைகள். பேருந்திலிருந்து பார்த்தால் காலி நிலம். பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டும்வரை அப்படித்தான் இருக்கும், மூன்று வாரம்.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. புத்தக அட்டையில் பூஞ்சை.

டீக்கடையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா மச்சான், உன் பொண்டாட்டி கயனிக்கே மொட்ட அட்ச்சிட்டா? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல?"

அங்கே சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளினான். இவர்கள் மானம் டீக்கடை பெஞ்சில்தான் விளைகிறது.

நவம்பர் 7, செவ்வாய்

அண்ணி கடப்பாக்கத்துக்கு, தன் அம்மாவைப் பார்க்க. அண்ணன் பக்கத்துக் கழனியில் மிஞ்சிய முற்றல் நாற்றை வாங்கி, ஆள் விட்டு, இடைவெளியெல்லாம் கொத்துக் கொத்தாக அடைத்துவிட்டான்.

"இப்பதான் கயனி மாரி கீது."

நான் தடுத்தேன். "நீ பொஸ்தகம் பட்ச்சிக்கினு இரு" என்றான்.

சாயங்கால பஸ்ஸில் அண்ணி வந்தாள். நேராக வரப்புக்குப் போனாள். பிறகு, அவனிடம் அல்ல, என்னிடம்: "இன்னும் பத்து நாளு பொறுத்திருந்தா பொதர் கட்டியிருக்கும்மா."

2007 பிப்ரவரி 9, வெள்ளி

வெயில். அறுவடை முடிந்தது. நெருக்கத்தில் பாதி சாய்ந்தது, பாதி பதர்.

பார்க்க வந்த விவசாய அலுவலரிடம் அண்ணன்: "புது மொற நம்ம மண்ணுக்கு ஒத்து வரல சார்."

அவரும் அப்படியே குறித்துக்கொண்டார். என்ன நடந்தது என்று அண்ணியைக் கேட்கத் தோன்றவில்லை.

சவுக்குக் கன்று வந்து இறங்கிவிட்டது. குழி எடுக்க அண்ணியும் போனாள்.