கணக்கைப் பார்க்க இங்கே தொடவும்

அன்று தேயிலைக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், நீ, பக்கத்துத் தோட்டத்து ஜோகி கவுடர், எடை போடும் மேரி, உன் தம்பி எபனேசர். வேறு யாரும் இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை ஈர இலை மூட்டையை இறக்கியதும் போனில் எடை வந்தது. ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று இருந்தது. எப்படிக் கழித்தார்கள் என்று இல்லை. கீழே உன் பெயரும், ‘கணக்கைப் பார்க்க இங்கே தொடவும்’ என்ற வரியும் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. என் பேத்தி, உன் மகள், சொல்லிக்கொடுத்து நான் எழுத்துக் கூட்டி வாசித்த வரி அது. அழுகை வரவில்லை. சாக்கை உதறி மடித்தேன்.

இந்த மழைக்குக் கழிவு கூடிவிட்டது. கவுடர் ஏன் என்று கேட்டதற்கு, பாக்டரியில் "கம்ப்யூட்டர் சொல்லுதுங்க" என்றார்களாம்.

எடையும் கழிவும் கணக்குப் போடும் அந்த ப்ரோகிராமை நீ எழுதி, அன்று கொட்டகையில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தபோது இதே கவுடர்தான் கேலி செய்தார்: "ஏனம்மிணி, பாடுபட்டு எழுதிப்போட்டு ஊருக்கே வாரி உடறே?"

நீ சிரித்தாய். "எடுத்துக்கட்டுங்க. மாத்தவும் மாத்தட்டும். ஆனா மாத்தினதை, இலை போடறவங்க பாக்கற மாதிரி தொறந்து வெக்கோணும். எம் பேரை எடுக்கக் கூடாது. அதுதானுங்க லைசென்ஸ்."

எபனேசர்தான் கேட்டான். "அக்கா, வாடகை சர்வர்ல ஓட்டினா?"

"அடுப்பு யாரோடதா இருந்தா என்னடா, சோறாக்கினவன்தானே பதில் சொல்லோணும்?"

மேரி கூடத் தலையாட்டினாள்.

நீ போன பிறகு பாக்டரி அதை எடுத்துக்கொண்டது. எங்கோ யாருடைய மெஷினிலோ ஓடுகிறதாம். பாக்டரியில் அதைப் பார்த்துக்கொள்பவன் எபனேசர். வரியை எடுத்ததும் அவனே. மத்தியானம் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"நாங்க யாருக்கும் ப்ரோகிராமைக் குடுக்கலியேம்மா. குடுத்தாத்தானே தொறந்து காட்டோணும்? நீங்க போன்ல பாக்கறீங்க, அவ்வளவுதான். சர்வரும் எங்களுது இல்லை."

"அக்கா பேரு?"

"அக்காளே இல்லை. பேரு யாருக்கும்மா?"

ரசம் ஊற்றினேன். அவன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன்.

பாக்டரி மேனேஜர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்று கொட்டகையில் இல்லை; நீ சொன்னதைக் கேட்கவும் இல்லை.

எடை வரும்போதெல்லாம் என் கட்டைவிரல் அந்த வெள்ளை இடத்தைத் தொடுகிறது. ஒன்றும் திறப்பதில்லை. நாளையும் தொடுவேன்.

உன்னிடம் கேள்வியும் கேட்டு, பதிலையும் காதில் வாங்கியவன் ஒருவன்தான். அவனை மன்னிக்க மாட்டேன்.

எபனேசர்.