நாலு கட்டம் வயல்

அடிஸ் அபாபா
கின்போத் மாதம் 6

அருமைத் தங்கை லெம்லெமுக்கு,

அண்ணன் மெஹாரி எழுதுவது. நான் நலம். அப்பா, அம்மா, நீ மூவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை. நம் வடக்கில் சண்டை தொடங்கியதிலிருந்து தொலைபேசி செத்துக் கிடக்கிறது. செஞ்சிலுவை வண்டி வடக்கே கடிதம் கொண்டுபோகிறது என்று நேற்றுதான் தெரிந்தது.

செயற்கைக்கோள் நிலையத்தில் வேலை இன்னும் இருக்கிறது. வடக்கத்தியான் என்பதால் வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் தலையைக் காட்ட வேண்டும். காபிக் கடையில், "ரொட்டிக்கு வரிசையில நிக்கிற நாட்டுக்கு வானத்துல என்னப்பா வேலை?" என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அடுத்த செயற்கைக்கோளை நாங்களே செய்யப்போகிறோம். அதைக் கற்றுக்கொள்ள நாலு பேரை இரண்டு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நானும் ஒருவன்.

அப்பா வீட்டில் இருந்தால் கிளம்புவேன். இல்லையென்றால் படிப்பாவது ஒன்றாவது, நடந்தாவது ஊருக்கு வந்துவிடுவேன். ஆண்களைப் பிடித்துப் போகிறார்களாமே. உடனே எழுது.

உன் அண்ணன்
மெஹாரி

•

செனே 2

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா இல்லை அண்ணா. ஈஸ்டர் கழிந்த வாரம் சிப்பாய்கள் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செருப்பு மாட்டக்கூட விடவில்லை. பிறகு ஆற்றுப் பள்ளத்தில் கிடந்தார். தேவாலயத்துப் பின்னால் அடக்கம் செய்தோம்.

வயல் தரிசாகக் கிடந்தால் அடுத்த வருடம் சோறில்லை. உழுவதற்கு ஆண் இல்லை. அதனால் நானே உழுதேன். நம் காளையையும் பக்கத்து வீட்டு ஹிவெத் அக்காவின் காளையையும் சேர்த்துப் பூட்டினோம். பாதிரியாரின் தம்பி வரப்பில் வந்து நின்று, "பொம்பள ஏரைத் தொட்டா மழை நின்னு போகும்டி" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அக்காதான், "ஆம்பளைங்க தொட்டப்ப மட்டும் ஒழுங்கா பேஞ்சுதாக்கும்? தள்ளி நில்லுங்க, காளை மிதிச்சுடப் போகுது" என்றாள்.

உள்ளங்கையெல்லாம் உரிந்துவிட்டது. எங்கேயாவது போகலாமென்றால் சாலை முழுக்கச் சோதனைச் சாவடி. வந்துவிடு அண்ணா. என்னால் முடியவில்லை.

லெம்லெம்

பின்குறிப்பு: கடிதம் வாங்க வந்த செஞ்சிலுவை அக்கா இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தங்கச்சி, வழியில எல்லாத்தையும் படிக்கிறாங்க. இது போனா உங்கண்ணனுக்குத்தான் வம்பு. நலம்னு மட்டும் எழுதிக் குடு." அம்மாவும், "இங்க வந்தா அவனையும் லாரியில ஏத்துவாங்க. அவனாவது இருக்கட்டும்" என்றாள். 'அம்மாவும் நானும் நலம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அப்பா நலம் என்று எழுதக் கை வரவில்லை. இந்தத் தாள் என்னோடேயே இருக்கிறது.

•

அடிஸ் அபாபா
செனே 25

லெம்லெம் கண்ணே,

'அம்மாவும் நானும் நலம்' வந்து சேர்ந்தது. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றே துணிமூட்டையைக் கட்டிவிட்டேன்.

கிளம்புகிற நாளன்று நம் ஊர்ப் பக்கத்துப் படம் நிலையத்துத் திரையில் வந்தது. பயிர்க் கணக்குக்காக மேலிருந்து எடுத்தது. வீடு, மாடு, ஆள் எதுவும் அதில் தெரியாது. படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அதில் நம் வயலே நாலு கட்டம்தான், உன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சுற்றியுள்ள வயலெல்லாம் வெளிறிக் கிடக்க, அந்த நாலு கட்டம் மட்டும் கறுப்பு. உழுத மண்.

நம் ஊரில் எந்தப் பெண் ஏரைத் தொட்டாள்? அப்பாவைத் தவிர வேறு யார் உழுதிருப்பார்? கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மூட்டையைப் பிரித்துவிட்டேன். வானத்தில் என்ன வேலை என்று கேட்டவனுக்கு இன்று நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்து புத்தாண்டு கழிந்ததும் விமானம். ஆனாலும் அப்பா வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் ஏறுவேன். அவரைச் சொல்லச் சொல்லி எழுது. அடுத்த செயற்கைக்கோளில் ஆளே தெரியும்படி செய்யப்போகிறோம். நீ வயலில் நின்று கையசைத்தால் நான் பார்ப்பேன்.

மெஹாரி

•

ஹம்லே 20

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். டெஃப் தானியம் விதைத்தாயிற்று. மழை நிற்காமல் பெய்கிறது. பாதிரியாரின் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் ஹிவெத் அக்கா குடை வேண்டுமா என்று கேட்கிறாள். ஏனென்று நேரில் சொல்கிறேன்.

அப்பாவின் செருப்பு வாசலில்தான் இருக்கிறது. நீ கேட்ட வார்த்தையை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"டேய், இங்க வந்து என்னத்தக் கிழிக்கப் போற? நீ ஓட்டின உழவுசாலைப் பாத்து காளையே சிரிச்சுது. உன் ஏரு மேல சுத்துது, அதப் போயி ஒழுங்காப் பிடி. இங்க நான் இருக்கேன்."

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே அவர் பேச்சு என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விமானத்தில் ஏறு அண்ணா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்ததில் ஆள் தெரியும்படி செய்யாதே. வயல் தெரிந்தால் போதும். வருடாவருடம் மழைக்கு முன்னால் அந்த நாலு கட்டத்தைப் பார். கறுப்பாகத்தான் இருக்கும்.

உன் தங்கை
லெம்லெம்